முந்தின நாள் ஆறு செட்

ஒன்று புள்ளி ஆறு. தினமும் இருநூற்றுப் பதினாறு பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுக்கிற சத்துணவு அமைப்பாளர் நான், எண்ணைக் கண்டு எனக்கென்ன பயம் என்றுதான் போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்தேன். இப்போது நடுவில் புள்ளி வைத்த ஓர் எண் என்னை ஆட்டி வைக்கிறது. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஆறு. ஒன்றை ஒட்டித்தான் இருக்க வேண்டுமாம். மேலே ஏறிய அந்த அரையும் சொச்சமும்தான் காலை ஏழே முக்காலுக்கு என்னைத் திரும்பவும் இந்த லேப்புக்குக் கொண்டுவந்து நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. ரத்தமும் யூரினும் கொடுத்தாயிற்று. "ஒரு மணி நேரம் ஆகுமுங்கக்கா, உக்காருங்க" என்று கவுண்டரில் இருக்கும் பெண் சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர். என் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாரமாக என்னை எதையும் தூக்க விடுவதில்லை. தண்ணீர்க் குடம் அவர், அரிசிப் பை அவர், துவைத்த துணி வாளி அவர். போன வாரம் வரைக்கும் அறுபது கிலோவைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்தவளிடமிருந்து கைப்பையைப் பிடுங்கிக்கொள்கிறார். சிரிப்பு வருகிறது. சிரித்தால் அதன் பின்னாலேயே அழுகையும் வந்துவிடும் என்று சுவரைப் பார்க்கிறேன். சுவரில் சிறுநீரகத்தின் படம். அவரைக்கொட்டை மாதிரி இரண்டு, சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள். எதிர்ச் சுவரைப் பார்க்கலாம் என்று திரும்பினால் அங்கே டிவியில் யாரோ சத்தமில்லாமல் கேரட் அல்வா கிண்டுகிறார்கள். சுகர்க்காரர்கள் வந்து உட்காருகிற இடத்தில் அல்வா. என்ன புத்தியோ.

பதினைந்து வருஷச் சுகர் எனக்கு. அதற்குத் துணையாகப் பிரஷர், பிரஷருக்குத் துணையாகத் தைராய்டு, எல்லாருக்கும் துணையாக வலது முழங்கால். ஒன்று வந்தால் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு வருகிற வியாதிகள். நாற்பத்தெட்டு வயதில் மாத்திரை டப்பாவின் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. அடுத்தது ஊசிதான் என்று சொன்ன டாக்டரம்மா, போகிற போக்கில், நடந்தா மட்டும் பத்தாது, தசைதான் சர்க்கரையத் தின்னும், வெயிட் தூக்குங்க என்றார். பள்ளிக்கூடத்தில் அண்டா தூக்குகிறேனே என்றேன். அது சமையல்காரம்மா தூக்கறது, நீங்க பக்கத்துல நின்னு பாக்கறது என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. எங்கள் தெருமுனையில் லுங்கி குடோனுக்கு மேல் மாடியில் ரியாஸ் மாஸ்டரின் ஜிம். படியேறும்போதே இரும்பும் வியர்வையும் கலந்த வாசம். சுவரெல்லாம் ஆணழகன் போட்டிக் கோப்பைகள், எண்ணெய் பூசி ஜட்டியோடு நிற்கிற ஆண்களின் படங்கள். இவள் ஒருத்தி எப்படித் தனியாகப் போவாள் என்று வீட்டுக்காரரும் கூட வந்தார். பெயர் நாச்சிமுத்து. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் முப்பது வருஷமாக மூட்டை எடை போடுகிறவர். ஜிம்மில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எனக்கு எண்ணுவது அவர் வேலையாகிப் போனது. ஒன்று என்று தொடங்கவே மாட்டார். மண்டிப் பழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார். முதல் நாள் அதைக் கேட்டுப் பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆறே மாதம், நூற்றுநாற்பது கிலோவைத் தூக்குகிறவனும் லாபம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்க ஆரம்பித்துவிட்டான். இவருக்குத் தாங்க முடியாத பெருமை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

முதல் மூன்று மாதம் வலியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் சோறு வடிக்கும்போது முழங்கைக்கு மேலே ஏதோ உருண்டது. பல்லி விழுந்துவிட்டதா என்று பதறிப் பார்த்தால் என் கைதான். என்னுடைய கை. பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூட்டைக்குள் கைவிட்டுச் சரக்குப் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "கிழங்கு மஞ்சளாட்டம் திரண்டிருக்குது புள்ள" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னை அவர் வர்ணித்தது அது ஒன்றுதான். எனக்குப் போதும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி எட்டிலிருந்து ஆறு புள்ளி ஆறுக்கு இறங்கியது, மத்தியான மாத்திரை நின்றது, முழங்கால் பேச்சைக் குறைத்தது. ஆனால் நான் படியேறியது அதற்கு மட்டும்தான் என்று சொன்னால் பொய். அத்தனை வருஷமாக என் உடம்பு ஏதோ ஓர் ஃபைலுக்குள் இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். எடைத் தட்டு மாட்டிய ராடுக்கடியில் நிற்கும்போது மட்டும் அது என்னிடம் வந்தது. பீரோக் கண்ணாடி முன்னால் நைட்டிக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு முஷ்டியையும் காதுப்பக்கம் மடக்கி நிற்பேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி செய்கிற காரியமா இது. செய்தேன். தெருவில் பேசினார்கள், சத்துணவு முட்டையைத் தின்றே உடம்பை ஏத்தறாள் என்று. ஆமாங்க, இருநூத்திப் பதினாறையும் நானே தின்னுபோட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டைத்தான் போடறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். அப்புறம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் கண்பட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது. சீ, கண்ணும் இல்லை மண்ணும் இல்லை. ஒன்று புள்ளி ஆறு.

அக்காவுக்கும் இப்படித்தான் ஒன்றிலிருந்து தொடங்கியது. ஒன்று புள்ளி ஐந்து, இரண்டு, நான்கு. அப்புறம் எண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டோம். சாந்தாமணி அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்தவள், அவளுக்கும் சுகர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இரண்டு வருஷம். இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக நரம்பை இழுத்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஒரு நாள் என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். உள்ளே தேனீ ஒன்று அடைபட்டுப் பறக்கிற மாதிரி விர்ரென்று ஓடியது. "இது நின்னா நானும் நின்னுருவேன் துளசி" என்றாள், சாதாரணமாக, பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி. இப்போதும் என் வலது உள்ளங்கையில் அந்த விர்ர் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்த் தண்ணீர்தான் அவளுக்கு, குழம்பும் காப்பியும் சேர்த்து. டம்ளரைக் கண்ணால் குடிப்பாள். மாமா, அக்காவின் வீட்டுக்காரர், கிட்னி கொடுக்கிறேன் என்று முன்வந்தார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் கொடுக்கலாம் என்றால் நானும் சுகர்க்காரி. எங்கள் குடும்பத்தில் பாசத்துக்குக் குறைச்சலில்லை, கொடுக்கத்தான் ஒருத்தரிடமும் ஒன்றும் உருப்படியாக இல்லை. அவள் போய் ஐந்து வருஷம். ஜிம் படியில் நான் முதல்முதலாகக் கால் வைத்தது அவளை நினைத்துத்தான். அந்த டயாலிசிஸ் நாற்காலியில் போய்ப் படுக்கக்கூடாது என்றுதான் இரும்பைப் பிடித்தேன். பிடித்த இரும்பே என்னை அங்கே தள்ளிவிடுமா? புரோட்டீன் பவுடர், தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு, எல்லாம் சேர்ந்து நானே வடைச்சட்டியில் போட்டு வறுத்துவிட்டேனா என் அவரைக்கொட்டைகளை? இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை.

போன வருஷம் ஆடி மாதம். காலையில் சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ராடுக்கடியில் போய் நின்றேன். ஆறாவது தடவை உட்கார்ந்தபோது கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது. சத்தம்கூட வெள்ளையாக இருந்தது. விழித்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன், என் முதுகு அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தது. பின்னால் வந்து ராடை அவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். மாஸ்டர் ஓடி வருவதற்குள் இறக்கியும் வைத்துவிட்டாராம். லோ சுகர். அவர் நெஞ்சு அடித்த அடி என் முதுகுக்குள் கேட்டது. திட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், "இனி நானில்லாம ராடத் தொடக்கூடாது" என்றார். "உங்க தலைமேல சத்தியமுங்க, தொடமாட்டேன்" என்று அவர் தலையில் கையும் வைத்தேன். அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. சரி, அப்புறம் போன திங்கட்கிழமை. கோபியில் ஒரு துக்கத்துக்கு அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் எனக்கு ரத்தப் பரிசோதனை. பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் சமையல்கூடத்தைக் கழுவிவிட்டு, அடுப்புக்கரியைச் சுரண்டி, பருப்பு டின்னைத் துடைத்து வைப்போம் இல்லையா. இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலை பார்த்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? ரத்தத்தையும் முந்தின நாளே கழுவி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு டாக்டரம்மா பார்க்கும்போது சர்க்கரை பளிச்சென்று இருக்க வேண்டும். சாயங்காலம் மாடியேறினேன். மாஸ்டர் தொழுகைக்குப் போயிருந்தார். ஸ்டூல் காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன். மூன்று செட்டோடு நிறுத்துகிறவள் அன்றைக்கு ஆறு செட். தொடை நடுங்கியது. தண்ணீர் பாட்டிலைக்கூட மறந்துவிட்டுப் போயிருந்தேன். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். திருட்டுத்தனமாக மாங்காய் பறித்தவள் மாதிரி அத்தனை சந்தோஷம்.

மறுநாள் சர்க்கரை நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழேதான் இந்த ஒன்று புள்ளி ஆறு. யூரினிலும் கொஞ்சம் புரோட்டீன் போகிறது என்றார் டாக்டரம்மா. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், நேத்து ஹெவியா ஏதாவது எக்சர்சைஸ் பண்ணீங்களா என்று. என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து இவர், "இல்லீங்க டாக்டரம்மா. நேத்து நான் ஊர்ல இல்லீங்க. நானில்லாம இவ ராடத் தொடமாட்டாளுங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்லுகிற மாதிரி, அத்தனை நம்பிக்கையாக. அதற்கு மேல் நான் எப்படிப் பேசுவேன்? தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ஒரு வாரம் எதுவும் தூக்காதீங்க, பவுடர் வேண்டாம், முட்டை வேண்டாம், நல்லாத் தண்ணி குடிங்க, அடுத்த செவ்வாய் திரும்ப எடுப்போம், அதுலயும் இப்படியே இருந்தா கிட்னி டாக்டரப் பாத்தாகணும் என்றார். மூன்றாம் நாள் மாஸ்டருக்கு போன் போட்டேன், யாருக்கோ கேட்கிற மாதிரி. "முந்தின நாள் காலுக்கு வெயிட் போட்டிருந்தா அந்த நம்பர நம்ப முடியாதுக்கா, தசை கரைஞ்சு ரத்தத்துல ஏறிக் காட்டும். டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க" என்றார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வாசலில் உட்கார்ந்து எனக்காக வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார், நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு. பக்கத்தில் போய் நின்றேன். "என்ன புள்ள?" என்றார். ஒண்ணுமில்லீங்க என்று உள்ளே வந்துவிட்டேன். சத்தியத்தை மீறினேன் என்பதைச் சொல்லிவிடலாம். அவர் எனக்காகச் சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டது என்பதை எப்படிச் சொல்லுவது? அவர் தலைமேல் கைவைத்துவிட்டுத் தாண்டியிருக்கிறேனே, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இரண்டு நாள் அவர் தும்மினால்கூட எழுந்து போய்ப் பார்த்தேன். மாஸ்டர் சொன்னது தப்பாக இருந்தால்? உட்கார்ந்து எழுந்த ஸ்குவாட்டால் கொஞ்சம், கிட்னியே நிஜமாகக் கெட்டதால் கொஞ்சம் என்று இருந்தால்? அதனால் இன்றைக்கு எண் வரட்டும் என்று வைத்துக்கொண்டேன். எண் நல்லதாக வந்தால் சொல்ல வேண்டியதே இல்லை, கெட்டதாக வந்தால் சொல்லிப் பிரயோஜனமில்லை. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் எனக்கு.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். கைப்பையை என் மடியில் வைக்காமல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார், அது கனமாம். போய் எத்தனை நேரம் ஆயிற்று? டிவியில் அல்வா முடிந்து முறுக்கு பிழிகிறார்கள். கால் மணி நேரம் இருக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு டீயா? வெளியே பெருந்துறை ரோட்டில் பஸ்கள் பறக்கின்றன. ரோட்டைத் தாண்டித்தான் டீக்கடை. சத்தியம், தலை, சீ, வாயை மூடு மனசே. எழுந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். டீக்கடையில் அவர் இல்லை. பெஞ்சில் யார் யாரோ இருக்கிறார்கள், அந்தக் கட்டம் போட்ட சட்டை இல்லை. ஒரு வாரமாக என் கிட்னியைப் பற்றிப் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் பயம். சாமி, எண் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவர் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் போதும். வந்தார். ஆனால் இந்தக் கதவு வழியாக இல்லை. எனக்குப் பின்னால், ரத்தம் எடுக்கிற அறையின் திரையை விலக்கிக்கொண்டு, இடது கையை முழங்கையில் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் பிடிபட்டுப்போன முகம். "எங்கீங்க போனீங்க?" என்றேன், குரல் கத்தலாக வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. சும்மா." "கைய நீட்டுங்க." நீட்டினார். பஞ்சு. பஞ்சின் நடுவில் மிளகு அளவுக்குச் சிவப்பு.

"என்ன குரூப்புன்னு பாக்கலாம்னு" என்றார். "சுகரும் கிரியேட்டினினும் சேத்தே பாக்கச் சொல்லிட்டேன்." எதுக்குங்க என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "சாந்தாமணிக்குக் குடுக்கலாமுன்னு உன்ற மாமா போய் நிக்கறப்பதான் அவருக்கே சுகருன்னு தெரிஞ்சுது. அதாட்டம் கடைசீல போய் முழிக்கக்கூடாதில்ல? இப்பவே தெரிஞ்சுட்டா, உடம்பப் பாத்து வெச்சுக்கலாம். எனக்கு ஒரு நோவுமில்ல, ரெண்டுல ஒண்ணு குடுத்தாப் போதுமாம். படிச்சேன்." சந்தையில் இரண்டு வெண்டைக்காய் சேர்த்துப் போடுகிற மாதிரி சொல்கிறார். உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனையா ஒரு வாரமாக இந்தப் பயத்தில் போட்டு வைத்திருந்தேன். என்னிடமாவது ஆறு செட் என்று ஒரு பிடிமானம் இருந்தது. இவர் கையில் ஒன்றுமே இல்லாமல் வாழைத்தண்டு நறுக்கியிருக்கிறார். "ஏனுங்க, நான் அன்னிக்குத் தூக்குனேன்" என்றேன். புரியாமல் பார்த்தார். "திங்கக்கிழமை. நீங்க கோபி போயிருந்தப்ப. அறுபது கிலோ, ஆறு செட் ஸ்குவாட். அதனாலயும் அந்த நம்பர் ஏறியிருக்கலாமுன்னு மாஸ்டர் சொல்றாருங்க. கிட்னி நல்லாவேகூட இருக்கலாம். எனக்கு அஞ்சு நாளாத் தெரியும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "டாக்டரம்மா கேக்கறப்ப நான்தான பதில் சொன்னேன்" என்றார். ஆமாங்க என்றேன். "நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தே." ஆமாங்க. டிவியைப் பார்த்தார். முறுக்கைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "ஒரு வாரமா நான் தூங்கல துளசி" என்றார். புள்ள என்று கூப்பிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் உடம்பைக் குறித்து எத்தனையோ பேர் முன்னால் வெட்கப்பட்டிருக்கிறேன், அதெல்லாம் ஒரு வெட்கமா.

"துளசிமணி" என்று கூப்பிட்டார்கள். அவர்தான் எழுந்து போய் வாங்கினார். நின்ற இடத்திலேயே, தாளைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, விரலால் வரிவரியாக இறங்கிப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. என் உடம்பு முழுவதும் அந்த விரலின் நுனியில் நின்றது. வந்து நீட்டினார். பூஜ்யம் புள்ளி ஒன்பது. யூரின் புரோட்டீன் இல்லை. திரும்பவும் படித்தேன், பெயரும் வயதும் என்னுடையதுதானா என்று பார்த்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து எழுத்தெல்லாம் கலங்கியது. அவருக்கும் மூக்கு சிவந்திருந்தது, ஆனால் முகம் இறங்கி வரவில்லை. கோபத்தையும் விடாமல் சந்தோஷத்தையும் விடாமல் இரண்டையும் ஒரு முகத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. லேப்பில் அத்தனை பேர் இருக்கிறார்களே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தேன். "நீ உக்காரு" என்றார். "என்ற ரிப்போர்ட்டு இன்னும் வரோணும்." "அதுதான் எனக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சுங்களே, இனி எதுக்குங்க அது?" "இன்னிக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு நீ என்ன பண்ணி வெப்பேன்னு யாருக்குத் தெரியும்? உனக்குக் குடுக்க ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று சொல்லிவிட்டு, பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.